வெப் டெவலப்பர் வேலை: முதல் இன்டர்வியூவிலிருந்து ரிலீவிங் லெட்டர் வரை ஒரு முழு வழிகாட்டி

2011-ல் மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்து முடித்துவிட்டு சென்னைக்கு வந்தேன். கிண்டியில் பத்துப் பேர் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் வேர்ட்பிரஸ் தளங்கள் செய்து கொடுப்பதில் ஆரம்பித்து, இப்போது ஓஎம்ஆரில் ஒரு ப்ராடக்ட் கம்பெனியில் டீம் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு இடையில் நான் போய் உட்கார்ந்த இன்டர்வியூக்களைவிட நான் எடுத்த இன்டர்வியூக்கள் பல மடங்கு அதிகம். இரண்டு பக்க நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தபின் எனக்குத் தெரிந்தது இது: ஆள் எடுப்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இவர் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்?"

மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கிறது, பதினைந்து வருடம் வேலை பார்த்தவருக்கும் நடக்கிறது. மாட்டிக்கொண்டு மூன்று நாள் வாயே திறக்காமல் இருப்பவரைப் பார்த்துத்தான் டீம் லீடுகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கும் ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் காட்டுவது, வேலை கிடைத்தபின் எந்தக் காகிதத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், இரண்டு தடவையாகக்கூடப் படிக்கலாம்.

படி 1: எந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும் என்று பாருங்கள்

சென்னையில், கோவையில் வெப் டெவலப்பர் வேலைக்குப் பெரிய கதவுகள் மூன்று. முதலாவது டிசிஎஸ், காக்னிசன்ட் மாதிரி, வேறு நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகள். கேம்பஸில் வந்து மொத்தமாக ஆள் எடுப்பார்கள், ஆன்லைன் தேர்வு வைப்பார்கள், பல இடங்களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பார்கள், அரியர் நிலுவையில் இருக்கக்கூடாது. தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு 3.5 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இங்கே சேர்ந்தால் எந்த டெக்னாலஜியில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ரியாக்ட் (வெப் பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) படித்துவிட்டுப் போனவரை டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோ போடுவது சாதாரணம்.

இரண்டாவது, சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த ஸோகோ, 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான ஃபிரஷ்வொர்க்ஸ் மாதிரியானவை. இங்கே மதிப்பெண்ணைவிட உட்கார்ந்து புரோகிராம் எழுதத் தெரிகிறதா என்பதற்கு எடை அதிகம். ஸோகோ 2005-லிருந்து தன் பள்ளி வழியாக, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தந்து வேலைக்கு எடுத்து வருகிறது. கல்லூரிப் பட்டம் இல்லையே என்று ஒதுங்கி நிற்கும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது, எல்லோரும் சென்னைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற காலம் மாறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை இருக்கும் சின்ன ஏஜென்சிகளும் ஸ்டார்ட்அப்களும். சம்பளம் குறைவாக இருக்கலாம், வேலை நேரம் கணக்கில்லாமல் போகலாம், ஆனால் ஒரு தளத்தை முதல் வரியிலிருந்து சர்வரில் ஏற்றுவது வரை நீங்களே செய்வீர்கள். நான் முதல் இரண்டு வருடத்தில் கற்றதில் பாதி அந்தக் கிண்டி கம்பெனியில் வேறு ஆள் இல்லாததால் கற்றது.

இன்னொரு கதவும் இருக்கிறது, அதன் பக்கமே போகாதீர்கள். "பேக்டோர்" என்று சொல்லி ஒரு லட்சம், இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு பெரிய கம்பெனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்பவர்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குப் பணம் தரவேண்டும், உங்களிடம் வாங்கக்கூடாது. பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து இதில் பணம் கட்டியவர்களை எனக்கு நேரில் தெரியும்.

படி 2: எதைப் படிப்பது

ரியாக்ட் மாதிரி ஃபிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான தயார் சட்டகம்) பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இந்தத் துறையில் செத்துப்போனவற்றின் பட்டியல் நீளமானது. ஃபிளாஷில் கெட்டிக்காரர்கள் என்று சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள், 2020 டிசம்பர் 31-ஓடு அது முடிந்தது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்குக்கான ஆதரவு 2021 இறுதியில் நின்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வு கொடுத்து அனுப்பியது. 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது, அதற்கும் முந்தைய எச்டிடிபியும் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) எச்டிஎம்எல் ஃபாரமும் இன்னும் ஓடுகின்றன. எனவே படிக்கும் நேரத்தில் பெரும்பங்கை எது நிற்குமோ அதற்குக் கொடுங்கள்.

என் கணக்கில் ஒரு ஃபிரஷருக்குத் (முதல் வேலை தேடுபவருக்கு) தெரிந்திருக்க வேண்டியவை: ஒரு முகவரியைத் தட்டியதிலிருந்து பக்கம் வரும்வரை என்னென்ன நடக்கிறது, ஃபாரம் ஒன்றை மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே நிரப்பும்படி எழுதுவது, ஜாவாஸ்கிரிப்ட்டில் ப்ராமிஸ், குளோஷர், ஈவென்ட் லூப், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல்லில் ஜாயின், இன்டெக்ஸ் எதற்கு என்பது, பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே குவெரியில் ஒட்டினால் என்ன ஆபத்து, கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் கமிட், பிராஞ்ச், மெர்ஜ் சண்டையைத் தீர்ப்பது. இவ்வளவும் கைவசம் இருந்தால் ரியாக்ட் இரண்டு மாதத்தில் வந்துவிடும். இது இல்லாமல் ரியாக்ட் மட்டும் படித்தவர் ரியாக்ட்டின் யூஸ்எஃபெக்ட் ஏன் முடிவில்லாமல் ஓடுகிறது என்று கேட்டால் முழிக்கிறார், நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது.

ஐம்பதாயிரம், எண்பதாயிரம் கட்டிச் சேரும் கோர்ஸ்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இன்னின்ன நேரத்துக்கு உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் சிலருக்கு உதவும், அதற்காகச் சேர்வது தவறில்லை. ஆனால் "நூறு சதவீதம் வேலை" என்ற வாக்குறுதிக்காகச் சேராதீர்கள். பாடமெல்லாம் மொஸில்லாவின் ஆவணத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டமும் 2022-லிருந்து கல்லூரிகளில் நடக்கிறது, உங்கள் கல்லூரியில் எந்தப் பாடம் வருகிறது என்று முதலில் அதைக் கேளுங்கள்.

படி 3: ஒரே ஒரு உண்மையான ப்ராஜெக்ட்

எனக்கு வரும் ரெஸ்யூம்களில் டூ-டூ லிஸ்ட், வானிலை ஆப், நெட்ஃப்ளிக்ஸ் குளோன் மூன்றும் தவறாமல் இருக்கும். அவற்றைச் செய்வதில் தப்பில்லை, கை பழக வேண்டும்தானே. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னால் உங்களிடம் எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் அங்கே நீங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை, வீடியோவில் வந்தவர் எடுத்த முடிவுகள் அவை.

உங்கள் தெருவில் ஒரு ஆளைப் பிடியுங்கள். மாமாவின் ஹார்டுவேர் கடையில் கடன் நோட்டு இருக்கும், யார் எவ்வளவு பாக்கி என்று அவர் தன் எழுத்தில் கிறுக்கி வைத்திருப்பார். அதை ஒரு சின்ன வெப் ஆப்பாக மாற்றிக் கொடுங்கள். முதல் வாரத்திலேயே தெரியும், அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரமாட்டார், ஐந்து வருடப் பழைய போனில்தான் பார்ப்பார், கடைக்குள் சிக்னல் சரியாக இருக்காது, வாடிக்கையாளர் நிற்கும்போது நாலு பட்டன் அமுக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே பெயரில் மூன்று முருகன் இருப்பார்கள், அவர் நோட்டில் "டீக்கடை முருகன்", "பெயின்டர் முருகன்" என்று எழுதியிருப்பார், உங்கள் டேட்டாபேஸ் டேபிளில் பெயருக்கு ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கும். பாதிப் பணம் கட்டியதை எப்படிப் பதிவது, தப்பாகப் பதிந்ததை அழிப்பதா, இல்லை திருத்தம் என்று தனி வரி போடுவதா? இதையெல்லாம் யோசித்து நீங்கள் எடுத்த முடிவுகளைப் பற்றி என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும், அந்த ஒரு மணி நேரம்தான் இன்டர்வியூ.

நம் மொழி தொடர்பான சிக்கல்களைத் தொட்டால் இன்னும் நல்லது, அதைச் செய்து வருபவர்கள் மிகக் குறைவு. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து நீளம் எவ்வளவு என்று ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் த, மி, ழ், மூன்றுதான். மெய்யெழுத்தின் புள்ளியையும் இகரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பெயருக்கு இருபது எழுத்துதான் என்று கட்டுப்பாடு வைத்த ஃபாரம் தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடுவதும், புள்ளி மட்டும் தனியாகத் தொங்குவதும் இதனால்தான். இன்டல் செக்மென்ட்டர் (Intl.Segmenter) என்று பிரவுசரிலேயே ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் சரியாக 3 வரும். ஒரு ஃபிரஷர் இதை நேரில் எதிர்கொண்டு, காரணம் தேடி, சரிசெய்து எழுதி வைத்திருந்தால் அவருக்கு அடுத்த ரவுண்டு உறுதி, என்னளவில்.

அப்புறம் ஒன்று அளந்து காட்டுங்கள். பக்கத்தின் பெரிய பகுதி கண்ணில் படுவதற்கு 2.5 விநாடிக்குள் இருக்கவேண்டும் என்பது கூகுள் "நல்லது" என்று வைத்திருக்கும் வரம்பு. உங்கள் பக்கம் முதலில் எத்தனை விநாடி எடுத்தது, எந்தப் படத்தைச் சுருக்கியதும் எவ்வளவு குறைந்தது என்று கிட்ஹப் தளத்தில் உங்கள் கோட்டோடு வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். அதே ரீட்மீயில் "எங்கே மாட்டிக்கொண்டேன்" என்று ஒரு பத்தி வையுங்கள். நான் முதலில் படிப்பது அதைத்தான்.

படி 4: ரெஸ்யூம், ரெஃபரல்

ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். தெரிந்த டெக்னாலஜி என்று இருபது பெயர் போடாதீர்கள், எழுதிய ஒவ்வொன்றிலும் கேள்வி வரும். தளத்தின் முகவரியையும் கிட்ஹப் முகவரியையும் மேலேயே போடுங்கள், போடும் முன் இரண்டும் திறக்கிறதா என்று வேறொரு போனில் பாருங்கள்.

நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள், ஆனால் ரெஃபரலை (உள்ளே வேலை பார்ப்பவரின் பரிந்துரையை) வெட்கப்படாமல் கேளுங்கள். கல்லூரி சீனியருக்கு "அண்ணா ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கம்பெனியின் வேலைப் பக்கத்துக்குப் போய், எந்த வேலை என்று அதன் எண்ணோடு எடுத்து, நீங்கள் ஏன் அதற்குச் சரி என்று மூன்று வரி எழுதி, ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் அதை அப்படியே எச்ஆருக்குத் தள்ளிவிடுவார், இரண்டு நிமிட வேலை.

போலி அனுபவம் மட்டும் போடாதீர்கள். "எல்லாரும் போடுறாங்க" என்று சொல்லி இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் விற்கும் ஆட்கள் நகரம் முழுக்க இருக்கிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் எண்ணை (உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) வைத்து உங்கள் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) வரலாற்றைப் பார்த்தால் எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று தெரிந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் நன்றாக வேலை செய்த ஒரு பையனை இந்தக் காரணத்துக்காக அனுப்ப வேண்டி வந்தது. அவனுக்கு வேலை உண்மையிலேயே தெரியும், ஃபிரஷராகவே வந்திருந்தாலும் எடுத்திருப்போம்.

படி 5: இன்டர்வியூ அறைக்குள்

பெரும்பாலும் நாலு கட்டம்: ஆன்லைன் தேர்வு, புரோகிராம் எழுதும் ரவுண்டு, டெக்னிக்கல் பேச்சு, கடைசியில் எச்ஆர்.

புரோகிராம் ரவுண்டில் கேள்வி வந்ததும் உடனே எழுத ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. முதலில் கேள்வியை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். "உள்ளீடு காலியாக இருக்கலாமா? ஒரே பெயர் இரண்டு தடவை வரலாமா?" என்று கேளுங்கள். பிறகு சுமாரான ஒரு வழியைச் சொல்லி அதை முழுதாக எழுதி ஓடவிடுங்கள், அதற்கப்புறம் வேகமாக்குங்கள். பாதியில் நின்ற புத்திசாலித்தனமான விடையைவிட ஓடுகிற சாதாரண விடை மேல். எழுதும்போது வாய்விட்டு யோசியுங்கள். மாட்டிக்கொண்டால் "இந்த இடத்தில் நிற்கிறேன், எனக்கு இரண்டு வழி தெரிகிறது, இது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் காத்திருப்பதே இந்த வாக்கியத்துக்குத்தான்.

இப்போது ஏஐ கருவிகள் வந்தபிறகு கேள்விகளின் போக்கு மாறியிருக்கிறது. நான் செய்வது, நீங்கள் அனுப்பிய புரோகிராமையே திறந்து வைத்து, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?", "ஒரே நேரத்தில் இரண்டு பேர் சேவ் அமுக்கினால்?" என்று கேட்பது. கருவியை வைத்து எழுதியிருந்தால் எழுதினேன் என்று சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை, நாங்களும் அப்படித்தான் பாதி எழுதுகிறோம். ஆனால் உங்களால் விளக்க முடியாத ஒரு வரிகூட அங்கே இருக்கக்கூடாது. ஆன்லைன் இன்டர்வியூவில் பக்கத்தில் ஆளை வைத்து விடை கேட்பது, வேறு ஆளையே உட்கார வைப்பது எல்லாம் நடப்பதால்தான் பல கம்பெனிகள் கடைசி ரவுண்டுக்கு நேரில் வரச் சொல்கின்றன. ஊரிலிருந்து வருபவர்கள் பயணச் செலவு தருவார்களா என்று எச்ஆரிடம் கேளுங்கள், கேட்பதால் உங்கள் பெயரை யாரும் அடிக்கப் போவதில்லை.

ஆங்கிலம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இன்டர்வியூவுக்கு வந்திருந்தார். தமிழ் வழியில் படித்தவர். முதல் பதினைந்து நிமிடம் ஒற்றைச் சொல்லில் பதில், "யெஸ் சார்", "நோ சார்", பார்வை மேசை மேலேயே. என்னோடு இருந்தவர் முடித்துவிடலாம் என்று சைகை காட்டினார். நான் "தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றேன். அப்புறம் அவர் பேசினார் பாருங்கள், தன் ப்ராஜெக்ட்டில் பழைய விலையே திரும்பத் திரும்ப வந்ததையும், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல் (கேஷ்)தான் காரணம் என்று கண்டுபிடிக்க எடுத்த நான்கு நாளையும், அந்த நாலு நாளில் எதையெதை விலக்கினார் என்பதையும் ஒரு நோட்டில் படம் போட்டுச் சொன்னார். அவ்வளவு சுத்தமான பக் (புரோகிராம் பிழை) விசாரணையை ஐந்து வருட அனுபவக்காரர்களிடம்கூட நான் அதிகம் கேட்டதில்லை. எடுத்தோம். ஒரு வருடத்தில் அமெரிக்க வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, ஏனென்றால் தினமும் பேச ஆள் கிடைத்தார்கள்.

வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்தான், அதை மறைக்க விரும்பவில்லை. எழுத்தில் முதலில் சரிசெய்யுங்கள், கமிட் செய்தி, ரீட்மீ, மின்னஞ்சல் மூன்றையும் தெளிவான சின்ன வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். பேச்சுக்கு, உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசி போனில் பதிவு செய்து கேளுங்கள், ஒரு மாதம் தினமும். இன்டர்வியூவில் திணறினால் "இதைத் தமிழில் விளக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். சென்னையில், கோவையில் பாதி இடங்களில் எதிரில் இருப்பவரும் திருநெல்வேலியோ ஈரோடோவாகத்தான் இருப்பார்.

தேர்வாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிவதாக இருந்தால் செய்யுங்கள். "எங்கள் கம்பெனியின் உண்மையான தளத்துக்கு முழு டாஷ்போர்டு செய்துகொண்டு வாருங்கள், ஒரு வாரம் நேரம்" என்றால் அது தேர்வு இல்லை, இலவச வேலை. எவ்வளவு நேரம் எதிர்பார்க்கிறீர்கள், எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 6: ஆஃபர் லெட்டரைப் படிப்பது

ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி காட்டும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் 50,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் 10 சதவீதம் வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் பகுதி) என்றால் 60,000 போய்விட்டது, வருட முடிவில் வந்தால் உண்டு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 25,000 என்று வைத்தால் கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், வருடத்துக்கு 36,000, அதுவும் சிடிசிக்குள்தான். கிராஜுவிட்டி (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று 14,430 காட்டுவார்கள், நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான். மிச்சம் 4,89,570, மாதத்துக்கு 40,797. இதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,000 போனால் 37,797. தொழில் வரி, இன்சூரன்ஸ் பிடித்தம் எல்லாம் போக 37,000 சொச்சம் கையில் வரும். பிஎஃப் பணம் உங்கள் பணம்தான், எங்கும் போகவில்லை, ஆனால் வாடகை கொடுக்க அது உதவாது. எனவே எச்ஆரிடம் "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டு அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். ஜாய்னிங் போனஸ் இருந்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டவேண்டும் என்று பாருங்கள்.

அடுத்து பாண்ட், அதாவது வேலையை விடுவது பற்றிக் கம்பெனி உங்களிடம் வாங்கும் ஒப்பந்தம். "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது, தைரியமா கையெழுத்துப் போடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது, இது பொதுவான நிலை. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை வருடம் வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் இவ்வளவு கட்டவேண்டும் என்பது வேறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது. அது ஒரு பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க ஆகும் செலவையெல்லாம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு, உங்கள் பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த பாண்டும் செல்லாது என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்கு இது போதும். தொகை பெரிதாக இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் செலவானாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள். என் முதல் கம்பெனியில் கேட்டார்கள், எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று நானும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளைக் கொடுத்தேன். விலகும்போது திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தேன், அந்த அலைச்சலில் கையில் இருந்த நல்ல ஆஃபர் ஒன்று கைநழுவிப் போனது. காட்டலாம், நகல் கொடுக்கலாம், ஒரிஜினல் உங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கவேண்டும்.

நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாளா 60 நாளா என்று சேரும்போதே பாருங்கள். இன்று அது சின்ன விஷயமாகத் தெரியும், மாறும்போது அதுதான் பெரிய தடை.

படி 7: முதல் வருடம்

முதல் வாரம் எதுவும் புரியாது. மற்றவர்கள் எழுதிய லட்சக்கணக்கான வரிகள், பாதிக்கு விளக்கமே இருக்காது. ஒரு சின்ன பக்கை எடுத்து, அது எந்த ஃபைலில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டே போங்கள்.

அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்கள், அதன்பின் கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, என்னென்ன முயன்றீர்கள் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள், எழுதும்போதே பாதிக்குப் பாதி விடை தெரிந்துவிடும். கோட் ரிவ்யூவில் முப்பது கமென்ட் வந்தால் உங்களைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கமென்ட்டே வராத புல் ரிக்வெஸ்ட்டை (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) பார்த்தால்தான் எனக்குக் கவலை, யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

லைவ் சர்வரில் ஏதாவது உடைத்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். நான் ஒரு தடவை எந்தப் பொருளுக்கு என்று குறிக்கும் வேர் (WHERE) கண்டிஷன் இல்லாமல் அப்டேட் குவெரி ஓட்டி, ஒரு வாடிக்கையாளரின் எல்லாப் பொருளுக்கும் ஒரே விலை வைத்துவிட்டேன். கை நடுங்கியது. இரண்டு நிமிடத்தில் சீனியரிடம் சொன்னேன், முந்தைய இரவின் பேக்கப் இருந்தது, ஒரு மணி நேரத்தில் சரியானது. மறைத்து நானே சரிசெய்யப் பார்த்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் வந்த ஆர்டர்கள் எல்லாம் தப்பு விலையில் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிடம் அந்த வாரம் என்ன முடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள், எண்ணோடு. அப்ரைசல் வரும்போது யாருக்கும் ஜூன் மாதம் நீங்கள் செய்தது நினைவிருக்காது, உங்களுக்கே இருக்காது.

படி 8: நீங்கள் ஆள் எடுக்கும் இடத்துக்கு வரும்போது

நாலைந்து வருடத்தில் உங்களையும் இன்டர்வியூ எடுக்கும் பேனலில் உட்காரச் சொல்வார்கள், யாரும் எப்படி என்று சொல்லித் தரமாட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஒருவரிடம் கிரிக்கெட் பேசிச் சிரித்துவிட்டு, அடுத்தவரிடம் பைனரி ட்ரீயைத் திருப்பச் சொன்னால் நீங்கள் அளந்தது திறமையை இல்லை. ஆள் வெளியே போனதும் பேனலில் இருப்பவர்கள் தனித்தனியாகக் குறிப்பு எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள், இல்லையென்றால் அறையில் சீனியர் சொல்வதுதான் எல்லோருடைய கருத்தும் ஆகிவிடும்.

நாங்கள் இப்போது வைப்பது ஒரு சின்ன கோட் தளம், அதில் வேண்டுமென்றே மூன்று பக், ஒன்றரை மணி நேரம், இன்டர்நெட் தேடலாம். அன்றாட வேலை அப்படித்தானே இருக்கிறது. கல்லூரிப் பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டுத்தான் அந்த விடைகளைத் திருத்துகிறோம். கல்யாணம் எப்போது, குழந்தை உண்டா என்று பெண்களிடம் கேட்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை. உங்கள் பேனலில் யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு வரி மின்னஞ்சல். அதற்காகத் தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

படி 9: மாறுவது, விலகுவது

சம்பளம் பெரிதாக ஏறுவது பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான், இதை மறுத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறினால், நீங்கள் எழுதிய கோட் வயதானபின் எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே உங்களுக்கு வராது. ஒரு இடத்தில் இரண்டு வருடமாவது இருந்து, நீங்களே எழுதியதை நீங்களே திருத்தும் வேதனையை அனுபவித்துவிட்டு மாறுங்கள்.

கையில் ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமா கொடுக்காதீர்கள். "செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் வந்துட்டே இருக்கு" என்ற போன் அழைப்பு லெட்டர் ஆகாது. லெட்டர் கிடைத்தும் வேலையில் சேர மாதக்கணக்கில் காத்திருந்த 2022 பேட்ச் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்க்கும் யோசனை வந்தால், அதே வருடம் விப்ரோ அதற்காக 300 பேரை வேலையைவிட்டு அனுப்பியதை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்திலிருந்தும் பிஎஃப் விழுந்தால் அது கணக்கில் அப்படியே தெரியும்.

நோட்டீஸ் காலத்தில் கடைசி நாள் வரை வேலை செய்யுங்கள். ஒப்படைப்புக் குறிப்பை, உங்களுக்குப் பின் வருபவர் இரவு பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்டு படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்: எந்த சர்வர், எந்த இரவு வேலை எத்தனை மணிக்கு ஓடும், எது அடிக்கடி உடையும், உடைந்தால் முதலில் எங்கே பார்க்கவேண்டும்.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று (படிவம் 16 என்று சொல்லிவந்தது). சம்பளச் சீட்டுகளை அலுவலக மெயிலில் மட்டும் வைத்திருந்தால் கடைசி நாளுக்கு முன்பே உங்கள் சொந்த மெயிலுக்கு இறக்கிக்கொள்ளுங்கள், அன்று மாலை அந்தக் கணக்கு மூடிவிடும். பிஎஃப் தளத்தில் நீங்கள் விலகிய தேதியைக் கம்பெனி பதிந்ததா என்றும் பாருங்கள். பதியாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் விழுந்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நீங்களே அதைப் பதிந்துவிடலாம். பதியும்போது தேதியை இரண்டு தடவை சரிபாருங்கள், ஒருமுறை போட்டதைப் பிறகு மாற்றுவது மிகவும் சிரமம்.